பிள்ளையின் நோயும் பெற்றோரின் மானமும்

நமது நாட்டில் பிள்ளையைப் பற்றிப் பேசாத புராணம் கிடையாது. பிள்ளை பிறக்க யாகம் செய்த கதையும், பிள்ளை வேண்டி விரதம் இருந்த கதையும், "புத்" என்கின்ற நரகத்தில் விழாமல் தகப்பனைக் கரையேற்றுவதால்தான் அவனுக்குப் புத்திரன் என்று பெயர் வந்தது என்கின்ற கதையும் சிறு வயது முதற்கொண்டே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் புத்திரன் இருபது இருபத்தைந்து வயதுக்கு வந்த பின், வேலைக்குப் போகாமல், இரவில் தூங்காமல், ஆள் இல்லாத இடத்தில் யாருடனோ பேசிக்கொண்டு, தாய் போடுகின்ற சோற்றில் விஷம் இருக்கின்றது என்று தட்டைத் தூக்கி எறிவானேயானால், பெற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தப் புராணமாவது சொன்னதாக நாம் கேட்டதில்லை. செத்த பிறகு வருவதாகச் சொல்லப்படும் நரகத்துக்குப் பரிகாரம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கின்றார்கள். உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்குள் வந்துவிட்ட துன்பத்துக்கு வழி சொல்ல ஆள் இல்லை. ஆகவே இவ்வாரம் அதைப் பற்றியே எழுத நினைக்கின்றோம்.

அரியாங்குப்பத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். பெயர் வேண்டியதில்லை. ஏனெனில் இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. தவளக்குப்பத்திலும் பூரணாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் பாகூரிலும் இதே வீடு உண்டு. தகப்பன் கொத்து வேலை செய்கின்றவர். தாய் புதுச்சேரிப் பட்டணத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கின்றவர். மகன் படித்தவன், வேலைக்குப் போய் வந்தவன். ஒரு வருஷமாக அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. வந்தால் சண்டை. முதலில் ஊரார் "படிப்பு தலைக்கேறிவிட்டது" என்றார்கள். பிறகு "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றார்கள். கடைசியில் "பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கடைசி வார்த்தைதான் பெற்றவர்களைக் கொல்லுகின்றது. அதற்குப் பயந்துதான் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றார்கள், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகின்றார்கள், வைத்தியரிடம் போவதையும் தள்ளிப் போடுகின்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஊர்வாய்க்குப் பயந்து பிள்ளையின் நோயை மூடி வைத்தால், அதில் வேகுவது யார் என்று கேட்கின்றோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நம் ஊரார் மூன்று மருந்து வைத்திருக்கின்றார்கள். ஒன்று வேப்பிலை, இரண்டு சங்கிலி, மூன்று தாலி. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேப்பிலை

முதலில் குறி கேட்கின்றார்கள். காற்றுக் கருப்பு என்கின்றான் ஒருவன். முனி அடித்துவிட்டது என்கின்றான் மற்றொருவன். கிரகம் சரியில்லை என்கின்றான் ஜோசியன். வேப்பிலை அடிப்பதும், எலுமிச்சம்பழம் அறுப்பதும், தாயத்துக் கட்டுவதும், மண்டலம் தங்குவதும் நடக்கின்றன. இதில் எந்த மதத்தாருக்கும் நாம் தனிச் சலுகை கொடுக்கத் தயாரில்லை. கோவிலில் ஆகாவிட்டால் தர்கா, தர்காவில் ஆகாவிட்டால் மாதா கோவில் என்று ஒரே குடும்பம் மூன்று மதத்துக்கும் காணிக்கை செலுத்திவிட்டு வருவதை நாம் காண்கின்றோம். மூன்று இடத்திலும் உண்டியல் நிறைகின்றதே ஒழிய பிள்ளையின் காதில் கேட்கின்ற குரல் நிற்பதில்லை.

"போனால் என்ன நஷ்டம்? மனதுக்கு ஓர் ஆறுதல்தானே" என்று சில நல்லவர்கள் கேட்பார்கள். நஷ்டம் என்னவென்று சொல்லுகின்றோம். பணம் போவது சின்ன நஷ்டம். காலம் போவதுதான் பெரிய நஷ்டம். மனச்சிதைவு என்னும் நோய் பெரும்பாலும் பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள்ளாகத் தலை காட்டுவது. தொடங்கிய சில மாதங்களுக்குள் மருந்து கொடுக்கப்பட்டால் தெளிவு வருவது எளிது. வருஷக் கணக்கில் தாமதித்தால் அவ்வளவுக்கு அவ்வளவு கடினம். மண்டலம் மண்டலமாக நாம் கோவில் வாசலில் கழிக்கின்ற நாட்கள் அந்தப் பிள்ளையின் வாழ்நாளிலிருந்து பிடுங்கப்படுகின்ற நாட்களாகும்.

நமது அரியாங்குப்பத்துக்கு அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் வருஷத்தில் மார்ட்டிமர் வீலர் என்கின்ற வெள்ளைக்காரர் மண்ணைத் தோண்டினார். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த காலத்து மண்பாண்டங்கள் அகப்பட்டன. பூமிக்குள் என்ன இருக்கின்றது என்று அறிய அவர் யாரிடமும் குறி கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோண்டிப் பார்த்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சட்டியைப் பற்றி அறிய நாம் ஒப்புக்கொள்ளுகின்ற முறை, நம் வீட்டுப் பிள்ளையின் மூளையைப் பற்றி அறிய மாத்திரம் ஏன் உதவாது?

சங்கிலி

வேப்பிலையால் ஆகாதபோது சங்கிலி வருகின்றது. வீட்டுத் தூணிலோ, கொல்லைப்புற மரத்திலோ கட்டுகின்றார்கள். அல்லது கட்டி வைப்பதையே தொழிலாகச் செய்கின்ற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றார்கள். இதன் முடிவு என்ன என்பதை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி உலகத்துக்குக் காட்டிற்று. 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் கொலைகாரர்கள் அல்ல, கொள்ளைக்காரர்கள் அல்ல. நோயாளிகள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பெரும்பாலோர் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களுமேயாவார்கள். அவர்களை நாம் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றே சொல்லுகின்றோம். பின்னர் அந்த ஏர்வாடி தர்கா வாசலிலேயே அரசாங்க மனநல வைத்தியரை உட்கார வைத்து மாத்திரை கொடுக்கும்படி ஆயிற்று. மந்திரித்த தண்ணீரில் குணம் உண்டானால் மாத்திரைக்கு அங்கே என்ன வேலை என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இன்று சட்டமும் தெளிவாக இருக்கின்றது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமுலில் இருக்கின்றது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது அதன் 95ஆம் பிரிவு. ஒரு நோயாளி கொடுமைப்படுத்தப்படுவதோ கவனிப்பாரின்றி விடப்படுவதோ போலீசாருக்குத் தெரிய வந்தால், அவர்கள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

தாலி

மூன்றாவது மருந்துதான் மூன்றிலும் கொடியது. ஏனெனில் முதல் இரண்டும் தம் பிள்ளையைத்தான் வருத்துகின்றன. இதுவோ அடுத்த வீட்டுப் பெண்ணைப் பலி கொடுக்கின்றது. "பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும்" என்று நம் ஜனங்கள் பரிகாசமாகச் சொல்லிக்கொள்ளுகின்றார்கள். ஆனால் அதில் பின்பாதியைப் பரிகாசம் என்று எண்ணாமல் மெய்யாகவே நம்பிக் காரியத்தில் நடத்திவிடுகின்றார்கள். "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்" என்று பெரியவர்கள் கூடிப் பேசி, நோயை மறைத்து, தூர ஊரில் ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைப் பார்த்து, பத்துப் பொருத்தமும் பார்த்துத் தாலி கட்டி வைத்துவிடுகின்றார்கள். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியன் கண்ணுக்குப் பதினொன்றாவதாக உள்ள இந்த ஒரு பொருத்தமின்மை தெரிவதில்லை.

பிறகு என்ன நடக்கின்றது? குணமாகாவிட்டால் "வந்தவள் ராசி சரியில்லை" என்கின்றார்கள். அடி வாங்குகின்றவளும் அவளே, அவப்பெயர் வாங்குகின்றவளும் அவளே. இதையே பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். நோய் பெண்ணுக்கு வந்தால், அதே தாலி மருந்தாக இருப்பதில்லை. ஆறு மாதத்தில் அவளைப் பிறந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு வேறு பெண் தேடப் போய்விடுகின்றார்கள். அவளுக்கு ஜீவனாம்சமும் கிடைப்பதில்லை. வயதான பெற்றவர்கள்தான் கடைசிவரையில் அவளைச் சுமக்கின்றார்கள். ஆண் பைத்தியத்துக்குப் பெண் மருந்து, பெண் பைத்தியத்துக்கு வீதி மருந்து என்பதுதான் நமது சமூகத்தின் வைத்திய சாஸ்திரம்!

நோய் வந்தவர் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நோய் அடங்கி, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, தம் புத்தியால் சம்மதம் சொல்லக் கூடிய நிலையில் இருக்கின்ற ஒருவர், தம் நோயை ஒளிக்காமல் சொல்லி, அதை அறிந்து ஒருவர் விரும்பி வருவாரேயானால், அது அவ்விருவர் விஷயம். இதில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. ஆனால் மறைத்துச் செய்கின்ற கல்யாணம் மோசடி. 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும், சித்த சுவாதீனமின்றி முறையான சம்மதம் கொடுக்க இயலாத நிலையில் நடந்த கல்யாணத்தை ரத்துச் செய்துகொள்ள இடம் கொடுக்கின்றது. பெற்றவர்களின் துக்கம் எவ்வளவு பெரிதானாலும், அதை இறக்கி வைக்க அடுத்தவர் பெற்ற பெண் சுமைதாங்கிக் கல் அல்ல.

யார் குற்றம்?

இனி, இந்த நோய் யார் குற்றத்தால் வந்தது என்பதைப் பார்ப்போம். முன் ஜென்மத்துப் பாவம் என்று புரோகிதர் சொல்லுகின்றார். அப்படியானால் பாவம் செய்தவர் தகப்பன், நோய் வந்தது மகனுக்கு என்பது என்ன நியாயம்? எந்தக் கோர்ட்டாவது தகப்பன் திருடியதற்கு மகனை ஜெயிலில் போடுமா? மனிதன் வைத்த கோர்ட்டுக்கு இருக்கின்ற அறிவு கடவுளுக்கு இல்லையா?

வளர்ப்புக் குற்றம் என்று சொல்லுகின்றவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்ல. மேல்நாட்டு வைத்தியர்களும் ஒரு காலத்தில் இந்தத் தவறைச் செய்தார்கள். 1948இல் அமெரிக்காவிலிருந்த ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் என்கின்ற வைத்திய அம்மையார், மனச்சிதைவை உண்டாக்குகின்ற தாய் என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இருபது முப்பது வருஷம் அந்த நாட்டுத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று வைத்தியர்களே கைவிட்டுவிட்டார்கள். சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விஞ்ஞானமும் தப்பாகப் பேசும். ஆனால் பிரத்தியட்சம் வேறாக இருக்கக் கண்டால் தன் வார்த்தையைத் திருத்திக்கொள்ளும்.

இன்று தெரிந்த சங்கதி என்னவென்றால், இது மூளையின் வேலை சம்பந்தப்பட்ட நோய். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பரம்பரையே தலைவிதி அல்ல. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிக்கு மேல் போவதில்லை. பிறக்கும்போது நேர்ந்த கோளாறு, கஞ்சாப் பழக்கம், வாழ்க்கையில் ஏற்பட்ட பெரும் இடிகள் ஆகிய பலவும் சேருகின்றன. ஆகவே, நாம் என்ன தப்புச் செய்தோம் என்று இரவெல்லாம் விழித்திருக்கின்ற தாய்மார்களுக்கு நாம் சொல்லுவது: அம்மா, சர்க்கரை நோய் வந்த பிள்ளையைப் பெற்றவள் எவ்வளவு குற்றவாளியோ அவ்வளவுதான் நீங்களும்.

மருந்தின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதே. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேருக்கு மனக் கொந்தளிப்பை அடக்குகின்ற குணம் உண்டென்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்னும் இருவர் எழுதினார்கள். 1952இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த நாளில், அதே பிரெஞ்சு தேசத்தின் பாரிஸ் நகரத்து செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் ஷான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் குளோர்பிரோமசின் என்கின்ற மருந்தைக் கொடுத்து, வருஷக் கணக்கில் அடைபட்டிருந்தவர்களைத் தெளிய வைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. மாதம் ஒரு தரம் போடுகின்ற ஊசியும் இருக்கின்றது. இவற்றால் தூக்கம், உடம்பு கனத்தல், கை நடுக்கம் முதலிய தொந்தரவுகள் உண்டாகலாம் என்பதும் உண்மை. அப்போது வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டுமே ஒழிய, நாமாக நிறுத்திவிடக் கூடாது. "குணமாகிவிட்டது, இனி எதற்கு" என்று நிறுத்தினவர்கள் வீட்டில்தான் நோய் திரும்பி வருகின்றது.

பெற்றவர்கள் செய்யத்தக்கது

நோய் வந்ததற்குப் பெற்றவர்கள் காரணமல்ல என்றோம். ஆனால் வந்த நோய் திரும்பத் திரும்ப முற்றாமல் இருப்பதற்கு வீட்டுப் பேச்சு உதவ முடியும். ஓயாமல் குற்றம் சொல்லுதலும், திட்டுதலும், அல்லது கண்ணை விட்டு அகலாமல் பொத்திப் பொத்தி வைத்தலும் நடக்கின்ற வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்புகின்றது என்று லண்டனில் ஜார்ஜ் பிரௌன் முதலியோர் கண்டார்கள். 1987இல் வெளியான சண்டிகர் ஆராய்ச்சியில், அவ்விதமான கடுஞ்சொல் நம் நாட்டுக் குடும்பங்களில் லண்டனைவிடக் குறைவு என்று தெரிய வந்தது. நம் ஜனங்களிடம் உள்ள இந்த நல்ல குணத்தை ஊர்வாய்க்குப் பயந்து நாம் இழந்துவிடக் கூடாது.

ஆகவே, காதில் குரல் கேட்கின்றது என்று பிள்ளை சொன்னால், "பொய் சொல்லாதே" என்று சண்டை வேண்டாம். "ஆமாம், எனக்கும் கேட்கின்றது" என்று பொய்யும் வேண்டாம். "உனக்குக் கேட்கின்றது, அது உனக்குக் கஷ்டமாயிருக்கின்றது" என்று சொன்னால் போதும். பேச்சுச் சுருக்கமாக இருக்கட்டும். சாப்பாடு, தூக்கம், மருந்து ஆகியவற்றுக்கு நேரம் வைக்கட்டும். தண்ணீர் பிடிப்பது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது போன்ற ஒரு சிறு வேலையாவது அவன் பொறுப்பாக இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை வளர்ந்த மனிதனே. நோய் வந்ததால் அவன் குழந்தையாகிவிடவில்லை. அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி அடுத்தவரிடம் பேசுகின்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் இருக்கின்றது. அங்கே மனநலப் பிரிவு இருக்கின்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசாங்க மனநல நிலையங்களில் இலவச வைத்தியம் என்பது 2017ஆம் வருஷத்துச் சட்டப்படி பிச்சையல்ல, உரிமை. பிள்ளை வர மறுத்து, அவனுக்கோ பிறருக்கோ ஆபத்து என்கின்ற நிலை வந்தால், வீட்டார் விண்ணப்பத்தின் பேரில் தக்கவர்கள் இருவர் தனித்தனியே பரிசோதித்து முப்பது நாள் வரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு வழி செய்கின்றது. 14416 என்கின்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசி யோசனை கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது. தற்கொலை விகிதம் மிகுந்த இடங்களில் ஒன்றாகப் புதுச்சேரி பல வருஷமாக அரசாங்கக் கணக்கில் காணப்பட்டு வருவதால், "செத்துவிடுவேன்" என்று பிள்ளை சொல்லுகின்ற வார்த்தையைப் பயமுறுத்தல் என்று தள்ளாமல், அன்றைக்கே உதவி தேட வேண்டும். மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், பெரும் மன வேதனையில் இருந்தவராகக் கருதி வைத்தியம் செய்ய வேண்டும் என்று இன்றைய சட்டமும் சொல்லுகின்றது.

பெற்றோரும் மனிதர்களே

நிற்க, மற்றொரு பக்கமும் இருக்கின்றது. "பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் அடியும் உதையும் பட்டுக்கொண்டு கிடப்பதே பாசம் என்று நம் ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். இதை நாம் ஒப்ப மாட்டோம். சுயமரியாதை என்பது மேடையில் பேசுவதற்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. பெற்ற பிள்ளைக்கு எதிரிலும் அது வேண்டும்.

குடியை எடுத்துக்கொள்ளுவோம். சாராயக் கடையை ஏலம் விட்டு வருமானம் பார்க்கின்ற புதுச்சேரி அரசாங்கத்தின் கீழ் இருக்கின்ற நமக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. குடியும் ஒரு நோயே. அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் குடிக்க மறுத்தால் சாமான்களை உடைப்பான் என்று பயந்து தாய் எடுத்துக் கொடுக்கின்ற நூறு ரூபாய் மருந்தல்ல. அவன் பட்ட கடனைத் தகப்பன் கட்டுவதும், வேலைக்குப் போகாததற்கு முதலாளியிடம் போய்ப் பொய் சொல்லுவதும் உதவியல்ல. "வைத்தியத்துக்கு வா, கூடவே வருகின்றோம், குடிக்குக் காசு கிடையாது" என்று இருவரும் ஒரே வாய்ச் சொல்லாகச் சொல்ல வேண்டும். தகப்பன் மறுத்ததைத் தாய் மறைவில் கொடுப்பதும், தாய் மறுத்ததற்குத் தகப்பன் அவளையே அடிப்பதும் ஒழிய வேண்டும்.

பிள்ளை கை நீட்டினால், அவன் நோயாளியானாலும் சரி, குடிகாரனானாலும் சரி, அந்த அறையை விட்டு வெளியேறி, அக்கம் பக்கத்தாரையும் போலீசையும் கூப்பிடுவது துரோகமல்ல. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மகன் பேரிலும் ஒரு தாய் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீட்டை எழுதிக் கொடு என்று கேட்டால், பயந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கடைசிவரையில் பராமரிக்க வேண்டும் என்கின்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவன் பராமரிக்காவிட்டால், 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

இதில் தாயின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஆண்பிள்ளைகள் டீக்கடைக்குப் போய்விடுகின்றார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவள் அவள், மருந்து கொடுப்பவள் அவள், அடிபடுபவள் அவள், பழி கேட்பவள் அவள். பகுத்தறிவு பேசுகின்ற தோழர்களைக் கேட்கின்றோம்: உங்கள் வீட்டில் மருந்து நேரம் யாருக்குத் தெரியும்? அடுத்த தேதி எப்போதென்று உங்களைக் கேட்டால் சொல்லுவீர்களா? மாதத்தில் நான்கு நாளாவது அவள் நிம்மதியாகத் தூங்கும்படி தகப்பனும் அண்ணனும் முறை போட்டுக்கொள்ளாத வீட்டில் பெண் விடுதலை என்கின்ற பேச்சு வெறும் வாய்ப்பந்தலேயாகும்.

எங்களுக்குப் பின் யார்?

எல்லாப் பெற்றோரின் நெஞ்சிலும் உள்ள கடைசிக் கேள்வி இது. இதற்குக் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது பதிலல்ல. அவர் பார்த்துக்கொள்ளுவதை ஏர்வாடியில் பார்த்தோம். மனநோயும் 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று ஆஸ்பத்திரியில் சான்று பெற்றால் உதவிகள் கேட்க இடமுண்டு. தகப்பனோ தாயோ மத்திய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவரானால், சம்பாதிக்க இயலாத அந்தப் பிள்ளைக்கு ஆயுள் வரையில் குடும்பப் பென்ஷன் கிடைக்க விதி இருக்கின்றது; உயிரோடு இருக்கும்போதே அதற்கான காகிதங்களைத் தயார் செய்ய வேண்டும். தனக்காக முடிவு செய்யத் தக்கவர் யார் என்று, தெளிவாக இருக்கும் நாளில் அந்தப் பிள்ளையே எழுதி வைக்கவும் 2017ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுக்கின்றது.

ஆனால் காகிதம் மட்டும் போதாது, மனிதர்கள் வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் வித்யாசாகர் என்னும் வைத்தியர், நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தாரைக் கூடவே தங்க வைக்கின்ற முறையை அந்தக் காலத்திலேயே கைக்கொண்டது. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் தலைமை வகித்த சாரதா மேனன் என்கின்ற அம்மையார், ஓய்வு பெற்ற பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்கின்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்த முன்னின்றார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து மாடிசன் நகரத்தில், மனச்சிதைவு வந்த பிள்ளைகளைப் பெற்ற இரண்டு தாய்மார்கள் ஒரு சாப்பாட்டு மேசையில் சந்தித்துப் பேசியதிலிருந்து 1979இல் கிளம்பிய சங்கம் இன்று அந்த தேசம் முழுவதும் பரவியிருக்கின்றது. இரண்டு தாய்மார்கள் வெட்கத்தை விட்டதால் இது நடந்தது. நம் ஊரில் இரண்டு தாய்மார்கள் இல்லையா?

இருக்கின்றார்கள். 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனக் கோளாறு இருக்கக் கண்டார்கள். அவர்களில் வைத்தியம் பெறாதவர்கள் நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு எழுபதுக்கு மேல். எனவே, "என் வீட்டில் மாத்திரம்" என்று எண்ணுகின்ற ஒவ்வொரு தாயும் தெருவில் இன்னொரு தாயைக் கடந்துதான் போகின்றாள். வீராம்பட்டினத்துத் தேருக்கு ஆடியில் திரளுகின்ற ஜனங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தத் துன்பம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேர் வடத்தை இழுக்க ஆயிரம் கை சேருகின்றன. ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இரண்டு கை கிடைப்பதில்லை.

நமது கிளைச் சங்கத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை இப்படிப்பட்ட பெற்றோருக்கென்று ஒதுக்குங்கள். பிரசங்கம் வேண்டாம், அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ஆஸ்பத்திரித் தேதியன்று கூலி வேலையை விட முடியாத தகப்பனுக்குப் பதிலாக ஒரு தோழர் கூடப் போய் வரட்டும். "பைத்தியம்" என்று தெருவில் கல் எறிகின்ற சிறுவர்களை நிறுத்துங்கள். நோயை மறைத்துச் செய்கின்ற கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தால் போகாதீர்கள். தெரிந்தால் பெண் வீட்டாருக்குச் சொல்லுங்கள். கமியூன் பஞ்சாயத்தாரிடம் போய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாளாவது மனநல வைத்தியர் வரவும், மருந்து தட்டாமல் கிடைக்கவும் வேண்டும் என்று கேளுங்கள். சாராயக் கடை ஏலத்துக்குத் தேதி தவறாத சர்க்காருக்கு இதற்கு மாத்திரம் தேதி கிடைக்காமல் போகாது.

பெற்றவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இந்த நோயில் முற்றிலும் குணமாகின்றவர்களும் உண்டு. மருந்தோடு நல்லபடி வாழுகின்றவர்களும் உண்டு. எவ்வளவு செய்தும் கஷ்டம் நீங்காதவர்களும் உண்டு. உங்கள் பிள்ளை இதில் எந்த வகை என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்லுகின்றேன் என்று வருகின்றவன் குறி சொல்லுகின்றவனாகத்தான் இருப்பான். எந்த வகையானாலும் அது உங்கள் பாவத்தின் சம்பளமல்ல. உங்கள் மானம் பிள்ளையின் மூளையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. கதவைத் திறவுங்கள், பக்கத்து வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே பஸ் ஏறுங்கள்.